கத்திரி வெயிலில் ஒரு சால்வை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம், கத்திரி வெயிலின் எட்டாம் நாள், பகல் பதினோரு மணிக்கு, மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் என் மைத்துனி கோமளம் காஷ்மீர் சால்வையைப் போர்த்திக்கொண்டு வீணை வாசித்தாள். கேட்க வந்திருந்த மூன்று பேரில் ஒருவருக்குக் குளிரில் பல் தந்தி அடித்தது. முப்பத்திரண்டு வருஷம் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவன் நான். அந்தச் சத்தத்தில் எனக்குத் தப்பு வராது.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். சந்திரமௌலி கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன் என்று ஊரில் எனக்குப் பெயர் உண்டு. நான் சொல்வதை என் மனைவி விஜயலக்ஷ்மி நாலால் வகுத்து எடுத்துக்கொள்வாள். அடுத்த வீட்டு ஸ்ரீனிவாசராகவன், மராமத்து இலாகாவில் இஞ்சினீயராக இருந்து என்னோடு ஒரே வருஷம் ரிடையரானவர், பூஜ்யத்தால் பெருக்கி எடுத்துக்கொள்வார். அவர் கண்ணால் பார்த்து, தர்மாமீட்டரால் அளந்து, காகிதத்தில் குறித்தால்தான் ஒரு விஷயம் உலகத்தில் நடந்ததாக அர்த்தம்.

கோமளம் விஜயலக்ஷ்மியின் தங்கை. கணவர் ரங்கூனிலிருந்து திரும்பி வராததால் எங்களோடு இருந்தாள். மாடி அறையில் நாலு பெண்களுக்கு வீணை சொல்லிக்கொடுத்தாள். கும்பகோணத்திலிருந்து அவள் அண்ணா மாதம் ஒரு கடிதம் போடுவார். "இங்கே ஒன்பது பேருக்குச் சமைக்க ஆள் இல்லை, நீ அங்கே சும்மாத்தானே இருக்கிறாய்" என்பது எல்லாக் கடிதத்திலும் உண்டு. அந்த வருஷம் பதில் சொல்ல அவளுக்கு ஒரு வழி பிறந்தது. சாந்தோம் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் வீணை டீச்சர் வேலை. வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. பள்ளியின் ஆறு வீணைகளையும் கோடையில் கெடாமல் பார்த்துக்கொள்ளவும் தெரிய வேண்டும். மே பதினோராம் தேதி மூன்று பேர் வீட்டுக்கே வந்து கேட்பார்கள். வேலை கிடைத்தால் மயிலாப்பூர். கிடைக்காவிட்டால் கும்பகோணம், ஒன்பது பேர், அடுப்பு.

வீணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதன் இருபத்துநான்கு மெட்டுகளும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. வெயில் ஏறினால் மெழுகு இளகும், மெட்டு நகரும், ஸ்வரம் பிசகும். எங்கள் மாடி அறையோ, சித்திரையில் அப்பளத்தை வெறும் தரையில் வைத்தால் பொரிந்துவிடும் இடம். நாம் திருப்பிப் போட வேண்டியதுதான் பாக்கி.

ஆகவே அந்தக் கோடைக்கு வீட்டைத் தயார் செய்கிற விதத்தில் சூரியனே வெட்கப்பட வேண்டும் என்று பங்குனியிலேயே சபதம் எடுத்தேன். ராயப்பேட்டையிலிருந்து அப்துல் வஹீத் மேஸ்திரியை வரவழைத்தேன். அவர் மொட்டை மாடி விரிசல்களை எல்லாம் கீறி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பை அடைத்தார். வெல்ல வாசனைக்கு மயிலாப்பூர் எறும்பு அத்தனையும் எங்கள் சுவரில் வரிசை கட்டியது. வரிசையின் வால் லஸ் முனையில் இருந்ததை நானே போய்ப் பார்த்து வந்தேன். பிறகு கிளிஞ்சல் சுண்ணாம்பை எட்டு நாள் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, நாலு பூச்சு வெள்ளை. மொட்டை மாடி அப்படி ஜொலித்தது. பட்டினப்பாக்கத்துக் கட்டுமரக்காரர்கள் கரை கிட்டே வந்துவிட்டது என்று நினைத்து நடுக்கடலில் வலையைச் சுருட்டினார்கள். மேலே கீற்றுப் பந்தல் போட்டோம். கடைசியாகக் கடல் பார்த்த கிழக்கு ஜன்னல் இரண்டிலும் வெட்டிவேர்த் தட்டி தொங்கவிட்டு, மேலே ஓட்டை போட்ட தகரக் குழாய் வைத்து, தண்ணீர் சொட்டச் செய்தேன்.

ஸ்ரீனிவாசராகவன் தன் மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓய், என்ன பண்றீர்?"

"ஊட்டி பண்றேன்."

"ஊட்டிக்கு ரயில் டிக்கெட் வாங்கியிருந்தா சீப்பா முடிஞ்சிருக்கும். இந்த ரூம் ஒரு டிகிரி குறையாது. நான் எழுதித் தரேன்."

மே ஏழாம் தேதி அவர் சொன்னதுதான் பலித்தது. குறையாதது மட்டும் இல்லை, கூடியது. தட்டியில் ஊறிய ஈரம் அறைக்குள்ளேயே நின்று, இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது. கோமளம் வீணையை மடியில் எடுத்தாள். மேல் ஸ்தாயியில் ஒரு மெட்டு அவள் விரலோடு கூடவே நகர்ந்து வந்தது. அடுத்தது சாய்ந்தது. வீணையை ஜமக்காளத்தில் கிடத்திவிட்டு, கீழே போய் டிரங்குப் பெட்டியைத் தூசி தட்டினாள்.

விஜயலக்ஷ்மி என்னைப் பார்த்த பார்வையை நாலால் வகுத்தாலும் தாங்காது.

மறுநாள் பந்தல் கயிற்றை இறுக்க வஹீத் மேஸ்திரி வந்தார். மாடி அறையில் தலையை நீட்டினவர், வந்த வேகத்தில் வெளியே இழுத்துக்கொண்டார்.

"இன்னா ஐயரே, உள்ள புட்டு அவிச்சிகினு கீறீங்களா?"

"கடல் காத்துக்காக மாட்டினேன் மேஸ்திரி. காத்தே வரலை."

"கடல் காத்து ஒரு மணிக்கு மேலதான் வரும். இப்ப மணி இன்னா? பத்தரை. பந்தல் கீத்து எந்தப் பக்கம் சாயுது, நீங்களே பாருங்க."

பார்த்தேன். கீற்று நுனி அத்தனையும் கடலைப் பார்த்துப் படபடத்தது. காற்று மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது, நெருப்பாய் வந்துகொண்டிருந்தது.

"தட்டிய மேக்கால மாட்டுங்க. அந்த ஜன்னலத் தொறந்து வுடுங்க. கெயக்கால இருக்கறதக் கயட்டிட்டு அதையும் தொறந்து வைங்க. காத்து இப்டி வந்து அப்டிப் போவணும்."

எனக்குத் தலை சுற்றியது. மயிலாப்பூரில் பிறந்தவனுக்குக் குளிர்ச்சி என்றால் கிழக்கு. சாயங்காலக் கடல் காற்றை நம்பித்தான் நாங்கள் பெண் கொடுப்பது, வீடு கட்டுவது எல்லாம். மேற்கு என்றால் சத்துரு. அந்த மேற்கு ஜன்னலுக்கு யுத்த காலத்தில், வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்ற உத்தரவுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி ஆணி அடித்தோம். யுத்தம் முடிந்தும் பிடுங்கவில்லை. வெயில் வராமல் இருக்கிறதே என்ற சந்தோஷம்தான்.

அடுத்த மாடியிலிருந்து ஸ்ரீனிவாசராகவன் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

"ஓய், மேஸ்திரி பேச்சைக் கேட்டு அனல் காத்தை வீட்டுக்குள்ள கூப்பிடாதேயும். அடுப்புக்கு வாய் திறந்து விடற மாதிரி ஆயிடும். சர்வீஸ்ல முப்பது வருஷம் கட்டடம் கட்டினவன் சொல்றேன்."

"நீங்க கட்டனீங்க சாமி," என்றார் வஹீத். "நான் வெயில்ல நின்னேன்."

எனக்கு முடிவு சொல்லத் தைரியம் வரவில்லை. படியில் நின்றிருந்த கோமளம்தான் சொன்னாள்.

"அத்திம்பேர், ஆணியைப் பிடுங்குங்கோ. இதுக்கு மேல கெட என்ன இருக்கு?"

நாலு வருஷத்து ஆணி. வஹீத் கடப்பாரையை நுழைத்து இழுத்தார். கதவு திறந்ததும் முகத்தில் அடித்த அனலில் என் மீசை கருகியது. ஒரு பக்கம்தான், இன்னொரு பக்கத்தை நான் கையால் மூடிக்கொண்டேன். மேஸ்திரி தட்டியைத் தொங்கவிட்டார், குழாயை வைத்தார், மொட்டை மாடிக்குப் போய்க் குழாய்க்குள் குடத்தைக் கவிழ்த்தார். வேர் நனைந்து கறுத்தது.

பிறகு அது வந்தது.

இதைக் கூட்டிச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை, அதனால் உள்ளபடி சொல்கிறேன். முதலில் வாசனை வந்தது, மழை பெய்து ஓய்ந்த ஆற்றங்கரை மாதிரி. அதன் பின்னால் ஒரு குளிர்ந்த காற்று, மெல்ல, தட்டியின் ஒவ்வொரு இழை வழியாகவும் நுழைந்து என் கழுத்தைத் தொட்டது. ஜன்னலுக்கு ஒரு சாண் அந்தப் பக்கம் தெரு வெந்துகொண்டிருந்தது. காக்கை வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அதே காற்றுதான். அதே அனல்தான். ஒரு சாண் ஈர வேரைத் தாண்டியதும் வேறு ஊர்க் காற்றாகிவிட்டது. விஜயலக்ஷ்மி புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். வஹீத் மாடியிலிருந்து இறங்கி வந்து, வாசற்படியில் நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

கோமளம் டிரங்குப் பெட்டிக்குள் இருந்த மெழுகுக் கட்டியை எடுத்துவந்தாள். இரண்டு நாள் ராப்பகலாக உட்கார்ந்து இருபத்துநான்கு மெட்டுகளையும் தானே பிடுங்கி, தானே மெழுகு காய்ச்சி, தானே நிறுத்தினாள்.

பதினோராம் தேதி மூன்று பேரும் வந்தார்கள். தலைமையாசிரியை ஐரின் அம்மாள், பள்ளிக்கு யோசனை சொல்லும் வயதான வித்வான் ஒருவர், நிர்வாகக் குழுவிலிருந்து ஒல்லியாக ஒரு கனவான். மூன்று நாளாக வந்துபோகிற மாதிரியே, தர்மாமீட்டரும் கையுமாக, கூப்பிடாமலே ஸ்ரீனிவாசராகவனும் வந்தார். வஹீத் மொட்டை மாடியில் குடமும் கையுமாக நின்றார். வேகிற தெருவிலிருந்து வந்தவர்கள் அறைக்குள் கால் வைத்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். ஐரின் அம்மாள் கையிலிருந்த விசிறியைப் பார்த்துவிட்டு அதை மடித்து வைத்தார். காற்றுக்கு நேரே உட்கார்ந்திருந்த கோமளத்துக்கு அக்காள் சால்வையைப் போர்த்திவிட்டாள்.

முக்கால் மணி நேரம் வாசித்தாள். ஒரு மெட்டும் ஒரு நூல்கூட அசையவில்லை. ஒல்லிக் கனவானுக்குத்தான் அந்தப் பல் தந்தி. கடைசி ஸ்வரம் நின்று, நின்று, எப்போது தீர்ந்தது என்றே தெரியாமல் தீர்ந்தது. ஐரின் அம்மாள் பைக்குள்ளிருந்து வேலை உத்தரவுக் காகிதத்தை எடுத்துப் பேனா மூடியைத் திருகினார்.

"ஒரு நிமிஷம்," என்றார் வித்வான். வீணைப் பக்கம் குனிந்து ஒரு மெட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். இன்னொன்றை அழுத்தினார். "மே மாசத்துல மெழுகு இப்படிக் கல்லு மாதிரி இருக்காது. புது மெழுகு வேற. இதுல கெட்டியாகணும்னு குங்கிலியத்தை அதிகமாக் கலந்து கட்டியிருக்கா. இன்னிக்கு நிக்கும். ரெண்டு மாசத்துல வெடிச்சு வரும். இப்படிப்பட்டவ கையில பள்ளிக்கூடத்து ஆறு வீணையைக் குடுக்கறதா?"

கோமளத்தின் முகம் வெளுத்தது. "நான் கலக்கலை. இந்த ரூம் ஆறியிருக்கு, அதான்."

"ரூம் எவ்வளவு ஆறியிருக்கும் அம்மா? இளகற மெழுகு கல்லாகிற அளவுக்கா?" என்றார் அவர். "நாம வெயில்லேர்ந்து வந்ததால குளிர்றாப்பல இருக்கு. அவ்வளவுதான்."

ஐரின் அம்மாள் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். இந்த அறை எப்படி?"

இங்கேதான் நான் என் ஆயுசிலேயே பெரிய தப்பைச் செய்தேன். உள்ளதைச் சொல்லியிருக்கலாம். நாக்கு கேட்கவில்லை.

"வெளியில நூத்து இருபத்தஞ்சு டிகிரி அம்மா. உள்ள அறுபதுதான். காலையில தண்ணிப் பானையில ஆடை மாதிரி ஐஸ் கட்டியிருந்தது. நான்தான் எடுத்துப் போட்டேன்."

வித்வான் சிரித்தார். "கேட்டேளா?" என்றார் ஐரின் அம்மாளிடம். அந்த அம்மாள் பேனாவை மூடத் தொடங்கினார். கோமளம் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. அப்படிப் பார்க்கவில்லை.

மூலையில் ஸ்ரீனிவாசராகவன் எழுந்தார். தர்மாமீட்டரை ஜன்னலுக்கு வெளியே பிடித்தார். பிறகு அறையின் நடுவில் பிடித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"அம்மா, இவர் சொல்றது அத்தனையும் புளுகு," என்றார். "ஐஸும் கிடையாது, அறுபதும் கிடையாது. அந்த மேற்கு ஜன்னலைத் திறந்தா வீடு அடுப்பாயிடும்னு சொன்னவன் நான். லைப்ரரியில நாலு பேர் முன்னால சொன்னேன். இவரைப் பொய்யாக்கிக் காட்டணும்னுதான் மூணு நாளா வந்து அரை மணிக்கொரு தரம் அளந்தேன்."

காகிதத்தை ஐரின் அம்மாளிடம் நீட்டினார். நீட்டினதை உடனே விடவில்லை.

"வெளியில நூத்தியொம்போது. உள்ள எண்பத்தொண்ணு. மூணு நாளும் இதே கணக்குதான். மெழுகுல அவ ஒண்ணும் கலக்கலை. காய்ச்சறப்போ நான் என் மாடியிலேர்ந்து பார்த்துண்டே இருந்தேன்." ஐரின் அம்மாள் கணக்கைப் படித்துவிட்டுப் பேனா மூடியை மறுபடி திருகினார். ஸ்ரீனிவாசராகவன் ஒரு தரம் என்னைப் பார்த்தார், ஒரு தரம் தட்டியைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "என் படிப்பு ஒத்துக்க மாட்டேங்கறது அம்மா. ஆனா நடந்தது. என் கண்ணால பார்த்தேன், நடந்தது."