சொன்னவர் பெயர்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என் மகள் சுமையா கடைக்கு வந்தபோது, ஏழரை ஹெச்.பி. மோட்டார் ஒன்றின் கருகிய சுருள்களை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். ஆலங்குடியில் முப்பத்து நான்கு வருடமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். வெயிலில் நடந்து வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"அத்தா, நேத்து காலையில குரூப்புல பேசுனீங்கள்ல, அதுல அவரு பேரைச் சொன்னீங்களா?"

"யாரு பேரை?"

"ஒங்க மருமகன் பேரைத்தான்."

"சொன்னேன். பேரு இல்லாம செய்தி சொல்ற பழக்கம் எனக்கு இல்லையே."

"கம்பெனி பேரு?"

"அதுவுந்தான்."

செல்போனை என் முன்னால் நீட்டினாள். வளைகுடாவில் இருக்கும் தன் கணவன் பாசித்துக்கு நேற்று ராத்திரியிலிருந்து ஆறு செய்தி அனுப்பியிருக்கிறாள். ஆறிலும் ஒற்றை டிக். ஒற்றை டிக் என்றால் செய்தி நம் போனை விட்டுப் போய்விட்டது, அவர் போனுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். போன் அணைந்து கிடக்கலாம். நெட் இல்லாமல் இருக்கலாம். வேறு யார் கையிலாவது இருக்கலாம்.

"அங்க குண்டு விழுந்ததை வீடியோ எடுத்தவங்க, அனுப்புனவங்க எல்லாரையும் புடிக்கிறாங்களாம் அத்தா. பரப்புனா ஜெயிலுன்னு அவங்க கவர்மெண்டே அறிக்கை விட்டிருக்கு. நீங்க என்ன பேசுனீங்கன்னு மறுபடி போட்டுக் காட்டுங்க."

போட்டுக் காட்டினேன். என் குரலை நானே பயந்துகொண்டு கேட்டது அன்றுதான்.

அந்தப் பேச்சு என்னவென்று சொல்ல வேண்டும். சுமையாவின் நிக்காஹுக்காக ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப்பை யாரும் கலைக்கவில்லை. இருநூற்றுப் பத்துப் பேர் அதில் அப்படியே இருக்கிறார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு நான் அதில் ஐந்து நிமிடம் நாட்டுநடப்பு பேசுவேன். எனக்குத் தெரிந்த உலகம் மோட்டார்தான். மோட்டாரை வைத்தே எல்லாவற்றையும் சொல்வேன். உதாரணத்துக்கு, வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் சும்மா இருக்காது. அதே தண்ணீரை இறைக்க அதிகக் கரண்ட்டை இழுக்கும். கம்பி சூடாகும், மேல்பூச்சு உருகும், பக்கத்துச் சுற்றோடு ஒட்டிக்கொண்டு கருகும். அரசாங்கமும் அப்படித்தான். மரியாதை குறையக் குறைய போலீஸை அதிகம் இழுக்கும். இது ஒருநாள் பேச்சு. விவசாயத்துக்கு இலவசக் கரண்ட் வந்தது, எல்லோரும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டார்கள், வோல்டேஜ் படுத்தது, எனக்கு வேலை பெருகியது. ஆகவே இலவசத்தைப் பற்றி நான் குறை சொல்லக் கூடாது, சொல்கிறேன் என்பது இன்னொரு நாள் பேச்சு. ஓடுகிற மோட்டாரைக் கழற்றாதே என்பது என் கட்சி. அந்தக் கட்சிக்குச் சின்னம் கிடையாது. ஓட்டும் கிடையாது.

வியாழக்கிழமை பேசியது வளைகுடாச் சண்டையைப் பற்றி.

"பெரிய நாடுக ஓடுற மோட்டாரைக் கழட்டிப் போடும். திருப்பி மாட்டுனா நாலு ஸ்க்ரூ கையில மிஞ்சும். அதுக்குப் பேரு விடுதலைன்னு சொல்லிட்டு ஊருக்குக் கெளம்பிரும். ஐக்கிய நாடு சபைன்னு ஒண்ணு இருக்கு. நம்மூரு போர்வெல் கமிட்டி மாதிரி. தண்ணி ஏன் வரலைன்னு கண்டுபுடிக்கும். தண்ணி வராது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மேலே போனேன்.

"அங்கிட்டு இருக்கிற அரசாங்கம் எல்லாம் அமைதியா இருக்குன்னு அறிக்கை விட்டிருக்கு. இது யாரோ சொன்னதில்ல. என் மருமகன் பாசித், ஏசி மெக்கானிக்" என்று கம்பெனி பெயரையும் சொல்லி, "புதன்கிழமை ராத்திரி கேம்ப் மொட்டைமாடியிலேர்ந்து அவரே எடுத்து எனக்கு அனுப்புன வீடியோ. அதுல பாத்தா, அமைதி தீப்புடிச்சு எரியுது."

இருநூற்றுப் பத்துப் பேரில் எண்பது பேர் சிரித்திருந்தார்கள்.

பெயரை ஏன் சொன்னேன்? சின்ன வயதில் மதரஸாவில் எங்களுக்குப் பழக்கிய ஒழுங்கு அது. ஒரு சொல்லைச் சொன்னால், அதை யாரிடம் கேட்டேன், அவர் யாரிடம் கேட்டார், அவர் நம்பத்தகுந்தவரா என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். நபிமொழிகளைப் பெரியவர்கள் அப்படித்தான் காத்தார்கள். வரிசையில் ஓர் ஆள் ஓட்டை என்றால் சொல்லே ஓட்டை. இப்போது ஆளுக்கு ஆள் பெயரில்லாத குப்பையை அனுப்புகிறார்களே என்ற எரிச்சலில், ஒவ்வொரு செய்திக்கும் ஆள், ஊர், வேலை எல்லாம் சொல்வதை ஒரு விரதம்போல வைத்திருந்தேன். அங்கே ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்து விசாரித்தாலும் இவ்வளவு சுத்தமான விவரம் கிடைத்திருக்காது.

குரூப்பில் இருந்ததை உடனே அழித்தேன். அனுப்பி இரண்டு நாளுக்குள் இருந்தால் எல்லோர் போனிலிருந்தும் அழிக்க முடியும். ஆனால் வேறு ஒருவர் அதை ஃபார்வர்ட் செய்திருந்தால் அது தனிப் பிரதி. நாற்றங்காலை உழுதுவிட்டால் நட்ட வயல் அழியுமா?

மோட்டாரில் எந்தச் சுருள் போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க, சோதனைக்கென்று வயரில் கோத்த சீரியல் விளக்கை வைத்து ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்ப்போம். அதே வேலையைப் போனில் செய்தேன். ஃபார்வர்ட் செய்யும் பழக்கமுள்ளவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு யாருக்கு அனுப்பினாய் என்று கேட்டேன். ஒன்பது பேர் அனுப்பியிருந்தார்கள். எட்டுப் பேர் கெஞ்சியதும் அழித்தார்கள். ஒன்பதாவது ஆள் என் கூட்டாளி முத்துராமன்.

"நம்ம நாகராசுக்கு அனுப்புனேண்ணே," என்றான். "எங்க அக்கா மயன். புதுக்கோட்டையில வீடியோக் கடை வச்சிருக்கான்ல, ஒங்க வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட வீடியோ எடுக்க வந்தானே. ஒங்க பேச்சு ஜோரா இருக்குன்னு கேட்டான், குடுத்தேன்."

"அவன் அதை என்ன பண்ணுனான்?"

"ஃபேஸ்புக் பேஜ்ல போட்டிருக்காண்ணே. மாப்ள போட்டோவோட."

வீட்டில் என் மனைவி ரம்லத் பீவி தட்டில் சோற்றை வைத்துவிட்டு, "ஊருக்கெல்லாம் மோட்டாருக்கு ஃப்யூஸ் போடுறீங்க, ஒங்க வாய்க்கு ஒண்ணு போட்டுக்கலையே," என்றாள். முப்பது வருடத்தில் அவள் சொன்ன அரசியல் கருத்துகளில் இதுதான் மிகச் சரியானது. சாப்பிடாமல் ஜும்ஆவுக்குப் போனேன். தொழுகை முடிந்ததும் முத்துராமனோடு புதுக்கோட்டை பஸ் ஏறினேன்.

கீழ ராஜ வீதியில் மாடிப்படி ஏறினால் நாகராசின் கடை. கம்ப்யூட்டர் திரையில் என் மருமகன் மாப்பிள்ளைக் கோலத்தில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சிவப்பு எழுத்தில், "வளைகுடா ரகசியத்தை உடைத்த ஆலங்குடி மாப்பிள்ளை!" பின்னால் வேறு எங்கேயோ எரிகிற கட்டடம்.

"வாங்க மாமா," என்று நாகராசு எழுந்தான். "நாப்பதாயிரம் பேரு பாத்துட்டாங்க. ஒங்க வாய்ஸுக்குத் தனியா ஃபேன்ஸ் வந்திருக்கு. வாரத்துக்கு ரெண்டு குடுங்க."

"அதை எடுத்திருப்பா."

"ஓடுறதை எடுக்கச் சொல்றீங்களே மாமா. ஓடுற மோட்டாரைக் கழட்டாதன்னு நீங்கதான சொன்னீங்க?"

முத்துராமன் குறுக்கே வந்தான். "டேய், அந்தப் புள்ள போனு நேத்துலேர்ந்து எடுக்கலடா. உள்ள போய்க் கெடந்தா ஒனக்கு லைக்கு போடுவானா? எடுறா மொதல்ல."

நாகராசின் முகம் மாறியது. உண்மையிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. உடனே அழித்தான். பிறகு, "பாத்தவங்க டவுன்லோடு பண்ணிருந்தா ஒண்ணும் செய்ய முடியாது மாமா," என்று மெதுவாகச் சொன்னான். அது எனக்கும் தெரியும். வழியில் எத்தனை பேர் என்று எண்ணி முடியாத இடத்துக்கு என் சொல் போய்விட்டது.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். பெண்கள் இலவசமாக உட்கார்ந்திருக்க, டிக்கெட் எடுத்தவர்கள் நின்றோம். வேறொரு நாளாக இருந்தால் மறுநாள் ஏழு மணிக்கு விஷயம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டிருப்பேன். பஸ் ஊரைத் தாண்டும்போது போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர், தெரியாத நம்பர்.

"மாமா, நான் பாசித் பேசுறேன்."

"மாப்ள! எங்க இருக்கீங்க? நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன் மாமா. ஸ்பீக்கர்ல இருக்கேன்." அவர் என்னிடம் அப்படி நிறுத்தி நிறுத்திப் பேசியதே இல்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மாமா. நான் ஒங்களுக்கு வீடியோ எதுவும் அனுப்புனேனா?"

புதன்கிழமை ராத்திரி பதினொன்று இருபதுக்கு அனுப்பினார். நாற்பது நொடி ஓடும். என் போனில் இருந்து அதையும் காலையிலேயே அழித்திருந்தேன். அவரும் அழித்திருப்பார். அதனால்தான் இப்படிக் கேட்கிறார். இவ்வளவும் ஒரு மூச்சுவிடும் நேரத்தில் புரிந்தது.

"இல்லையே மாப்ள. வீடியோவே கிடையாது. சும்மா நானா அடிச்சு விட்டது."

இன்னொரு குரல் வந்தது. மலையாளம் கலந்த தமிழ். "சார், நான் இங்கே ஆபீசில் மொழி மாற்றிச் சொல்ற ஆள். அப்போ உங்களுக்கு அது யார் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. மருமகன் வெளிநாட்டுல இருக்காருன்னு ஊர்ல பெருமை பேசுனேன். எல்லாம் பொய்."

அந்தப் பக்கம் அரபியில் ஏதோ பேசினார்கள். "ஆபீசர் கேட்கிறார், நீங்க முஸ்லிமா? அப்படியானா அல்லாஹ் மேலே சத்தியம் பண்ணிச் சொல்லச் சொல்றார்."

சத்தியத்தில் வகைகள் உண்டு. இனி செய்வேன் என்று சத்தியம் செய்து மீறினால் பரிகாரம் இருக்கிறது. பத்து ஏழைக்குச் சோறு போடலாம், முடியாதவர் மூன்று நாள் நோன்பு வைக்கலாம். ஆனால் நடந்து முடிந்த ஒன்றைப் பற்றித் தெரிந்தே பொய்ச் சத்தியம் செய்தால் எங்கள் ஹனபி சட்ட வழியில் பரிகாரம் கிடையாது. அது அவ்வளவு பெரியது, சோற்றாலும் நோன்பாலும் தீராது என்பார்கள். அழுது மன்னிப்புக் கேட்பது ஒன்றுதான் வழி. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் ஜும்ஆ தொழுதிருந்தேன்.

"மாமா?" என்றார் பாசித்.

"வல்லாஹி," என்றேன். "பாசித் எனக்கு எந்த வீடியோவும் அனுப்பல."

"சரி. இதை உங்க குரூப்பிலும் சொல்லணும். இப்போதே," என்றது மலையாளக் குரல். இணைப்பு அறுந்தது.

பஸ்ஸில் நின்றபடியே போனை வாய்க்கருகே வைத்துப் பேசினேன். "அஸ்ஸலாமு அலைக்கும். ஹாஜா முகைதீன் பேசுறேன். நேத்து நான் சொன்ன வளைகுடா செய்தி பொய். என் மருமகன் வீடியோ எதும் எடுக்கவும் இல்ல, அனுப்பவும் இல்ல. நானே இட்டுக்கட்டுனது. எல்லாரும் மன்னிக்கணும்." முப்பது நொடிகூட வரவில்லை. ஒரு மனிதன் நல்ல பெயரைச் சேர்ப்பதற்கு வருடக்கணக்கு ஆகிறது. கலைப்பதற்கு அவ்வளவு போதும். நாகராசுக்கும் அனுப்பி, பேஜில் போடச் சொன்னேன்.

முன் சீட்டில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். மடியில் பலாப்பழம் வைத்திருந்தார். "ஏங்க பெரியவரே, வயசானவரு, இப்புடியா பொய்யைக் கெளப்பிவிடுவீங்க? அங்க நம்ம புள்ளைகளும் இருக்குல்ல? பயந்து சாகுதுக வீட்டுல."

முத்துராமன் சண்டைக்குப் பாய்ந்தான். அவன் கையைப் பிடித்து அடக்கினேன். "தப்புதாங்க," என்றேன் அவரிடம். அவரிடம் வேறு என்ன சொல்ல முடியும்? பஸ் முழுக்க ஆளுக்கொரு போன்.

ஆலங்குடி வருவதற்குள் குரூப்பில் இருபது பதில். "மாமா, இனிமே ஏழு மணிக்கு நாங்க டீயே குடிச்சுக்கிறோம்" என்றான் ஒருவன். "இத்தனை நாளு சொன்னதும் இப்படித்தானா?" என்று கேட்டிருந்தாள் தூரத்து உறவில் ஒரு பெண். அவளுக்கு ஒரு பதில் எழுத ஆரம்பித்து, எழுதியதை அழித்தேன்.

வீட்டு வாசலில் சுமையா போனைக் காதில் வைத்து நின்றாள். அழுதிருந்தாள், இப்போது அழவில்லை. "ரூமுக்கு வந்துட்டாரு அத்தா. கூட வேலை பாக்குறவரு போன்ல பேசுறாரு. அவரு போனை வச்சுக்கிட்டாங்களாம். கையெழுத்து வாங்கிட்டு விட்டிருக்காங்க. ஞாயித்துக்கெழமை மறுபடி வரச் சொல்லிருக்காங்களாம். இந்தாங்க."

போனை வாங்கினேன். மருமகனின் குரல் இப்போது பழைய குரலாக இருந்தது, ஆனால் களைத்திருந்தது.

"மாமா, நீங்க மட்டும் அப்ப போன்ல அப்படிச் சொல்லலைன்னா... அந்த வீடியோவை நான்..."

"எந்த வீடியோ மாப்ள?" என்றேன்.

இது உண்மையில் யாருடைய போன், பக்கத்தில் யார் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை அவரிடம் என்ன கேட்பார்கள், எதுவும் எனக்குத் தெரியாது.

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல மாமா."

"மொதல்ல சாப்பிடுங்க," என்று சொல்லி, போனைச் சுமையாவிடம் கொடுத்துவிட்டு, தொழுகைக்கு முகம் கைகால் கழுவி ஒளூச் செய்யப் போனேன்.