தம்பி வீட்டு பேக்கப்

அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்தி மூன்று வருடமாகியிருந்தது. அவர்கள் வீட்டு சர்வர்கள் மட்டும் ஒரு நாள் தவறாமல் பேசிக்கொண்டிருந்தன. காலை ஆறு மணிக்கு, அக்கா அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைக்கும் நேரத்தில், தம்பி வீட்டுக் கோப்புகளின் பிரதி அவள் பெட்டிக்கு வந்து இறங்கும். ஆறரைக்கு அவளுடைய பிரதி அங்கே போகும். ஒரு வீட்டில் தீப்பிடித்தாலும் திருடன் புகுந்தாலும் மற்ற வீட்டில் எல்லாம் பத்திரமாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இதை ஆரம்பித்து ஏழெட்டு வருடம் இருக்கும். குடும்பப் படங்களையெல்லாம் ஒரு இணையதளத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். அது ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கடையைச் சாத்திவிட்டுப் போயிற்று. அப்பாவின் கடைசிப் பிறந்த நாள் படங்கள் அதோடு போயின. தம்பி லிஃப்ட் மெக்கானிக், அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டரில் பெரிய படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் ரோஷம் இருந்தது. யாரோ ஒரு அலுவலகம் கழித்துக்கட்டிய இரண்டு கம்ப்யூட்டர்களை வாங்கி, ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, போனில் ஒருவரையொருவர் திட்டியபடியே கற்றுக்கொண்டார்கள். அக்காவின் பெட்டி சூடாகும், அதனால் அதற்கு அடுப்பு என்று பேர் வைத்தான் தம்பி. அவனுடையதில் நிறைய இடம் இருந்தது. அது அண்டா.

"லிஃப்ட்டும் சர்வரும் ஒண்ணுதான்க்கா. ஓடுற வரைக்கும் ஒருத்தனும் நம்மள நினைக்க மாட்டான்" என்பான்.

அக்காவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அடுப்பு இருந்த அலமாரியைத் தாண்டும்போதெல்லாம் குனிந்து ஒரு கும்பிடு போடுவார். "இதுக்கு நேரா நேரத்துக்கு அப்டேட், தூசி தட்டல், உடம்பு சூடு பார்க்கிறது. என்னைப் பெத்த அம்மாவே இவ்வளவு சேவகம் கேட்கலம்மா."

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் அக்காதான் கூட இருந்தாள். தம்பி இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்றான். வேலையைச் சொன்னான், காய்ச்சலைச் சொன்னான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஆஸ்பத்திரி என்றால் பயம். அக்காவுக்கு அது தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை. அவன் வந்து சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள். சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அக்கா சொன்னாள்: "எதுக்கு வந்தே? எனக்கு இனிமே தம்பின்னு ஒருத்தன் இல்ல."

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தாலும் சண்டையாகி முடிந்திருக்கும். சொல்லவில்லை. அடுத்த பஸ்ஸில் போய்விட்டான்.

அதுவரை இரண்டு பக்கத்துப் பிரதிகளும் திறந்தேதான் கிடந்தன. அவன் கோப்புகளை இவள் பார்க்கலாம், இவளுடையதை அவன் பார்க்கலாம். அம்மா போன பத்தாம் நாள் அக்கா உட்கார்ந்து தன்னுடையதற்குப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டினாள். இனி அவள் வீட்டுப் படம் ஒன்றைக்கூட அவன் பார்க்கக் கூடாது. ஒரு வாரம் கழித்து அவன் பக்கத்திலிருந்து வந்ததும் பூட்டியே வந்தது. அவள் பெட்டியில் திறந்து கிடந்த பழைய பிரதி அழிந்து, அதன் இடத்தில் இது உட்கார்ந்துகொண்டது. கோப்புகளின் பெயர்கூடத் தெரியாது. வெறும் எண்ணிக்கை, வெறும் கனம். ஆனாலும் வருவது நிற்கவில்லை. அவளும் நிறுத்தவில்லை.

மூன்று வருடம் அவள் தம்பியின் வாழ்க்கையைக் கனத்தை வைத்தே தெரிந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது கொஞ்சம் வரும், எங்கோ வெளியே போயிருப்பார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை திடீரென்று நாற்பது ஜிபி வந்தது. டீ பொங்கி வழிய அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். பத்து மணிக்குச் சித்தி போன் பண்ணி, "உன் தம்பிக்குப் பொண்ணு பிறந்திருக்கு" என்றாள். "தெரியும்" என்று வைத்துவிட்டாள் அக்கா. போய்ப் பார்க்கவில்லை. அந்த வாரமே தன் பெட்டிக்குப் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கிப் போட்டாள். பிள்ளை இருக்கிற வீட்டில் படம் குவியுமே.

அப்புறம் ஒரு காலை ஆறு மணிக்கு ஒன்றும் வரவில்லை.

முதலில் தன் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டாள். ரவுட்டரை அணைத்துப் போட்டாள், வயரை மாற்றினாள், டிஸ்க்கைச் சோதித்தாள். இங்கே எல்லாம் சரியாக இருந்தது. அந்தப் பக்கம்தான் பதில் இல்லை. கரண்ட் போயிருக்கும் என்று இரண்டு நாள் பொறுத்தாள். நாலாம் நாள் முடிவுக்கு வந்துவிட்டாள்.

"வெட்டிட்டான்" என்றாள் வீட்டுக்காரரிடம்.

"எதை?"

"எல்லாத்தையும்தான். இருந்தது இது ஒண்ணு. இதையும் வெட்டிட்டான்."

"ஒரு போன் பண்ணிக் கேளேன். உன் விரல் என்ன தேய்ஞ்சா போயிடும்?"

"வெட்டினவன் அவன். நான் ஏன் கேட்கணும்?"

தினமும் காலையில் பார்த்தாள். கடையில் லென்ஸைச் சக்கரத்தில் வைத்துவிட்டு இடையில் போனை எடுத்துப் பார்த்தாள். ஒரு லென்ஸ் விளிம்பு அதிகமாகத் தேய்ந்து வீணாகி, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இப்படியே பதினெட்டு நாள். பத்தொன்பதாம் நாள் மத்தியானம் தம்பி மனைவியின் எண்ணிலிருந்து போன் வந்தது.

"அண்ணி, நான்தான். அவருக்கு உடம்பு ரொம்ப முடியல. நீங்க வந்துடுங்க."

"என்னம்மா ஆச்சு? எத்தனை நாளா?"

"வந்துடுங்க அண்ணி" என்று அழுதுவிட்டாள்.

பஸ்ஸில் ஐந்து மணி நேரம். கணையத்தில் கட்டி, கண்டுபிடிக்கும்போதே கை மீறிவிட்டது, யாருக்கும் சொல்லக் கூடாது, நல்லாகி வந்து நானே சொல்லிக்கொள்கிறேன் என்று தடுத்துவிட்டான் என்பதெல்லாம் வழியிலேயே போனில் சித்தியின் வாயால் தெரிந்தது. அவளுக்கும் அன்றைக்குத்தான் சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்து வீட்டுக்கே வந்திருந்தான்.

அவன் வேலை செய்கிற அறையையே அவனுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். மேசையைச் சுவரோரம் தள்ளி, வாடகைக் கட்டில் ஒன்றைப் போட்டிருந்தார்கள். கட்டிலில் கிடந்தவன் பாதி ஆளாக இருந்தான். கன்னம் ஒட்டி, காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது. மேசைக்கு அடியில், ஒரு பழைய போர்வையால் மூடி, அண்டா இருந்தது. பிளக்கைப் பிடுங்கி, வயரை ஒழுங்காகச் சுருட்டி மேலே வைத்திருந்தார்கள். கோபத்தில் பிடுங்கியவர்கள் வயரைச் சுருட்டி வைப்பதில்லை.

கட்டிலருகே உட்கார்ந்து அவன் கையைப் பிடித்தாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கமெல்லாம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

"டேய்" என்றாள். "உன் அண்டா ஏண்டா பதில் சொல்ல மாட்டேங்குது? நான் அங்க வீட்ல வயர் வயரா கழட்டிப் பார்த்துட்டேன்."

அவன் கண்ணைத் திறந்தான். அவள் பக்கம்தான் பார்த்தான். அடையாளம் தெரிந்ததா, வெறுமனே பார்த்தானா என்று அவளால் கடைசிவரை தீர்மானிக்க முடியவில்லை. மறுபடி மூடிக்கொண்டான். இரண்டாம் நாள் சாயங்காலம், குழந்தை பக்கத்து அறையில் கிண்ணத்தைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தபோது, அவன் மூச்சு நின்றது.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு அக்கா இன்னும் பத்து நாள் அங்கேயே இருந்தாள். இரண்டு வயதுக் குழந்தை முதலில் அவளைக் கண்டு ஒளிந்தது. பிறகு அத்தை என்று சொல்லப் பழகி, புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே திரிந்தது. ஒரு நாள் தம்பி மனைவி கேட்டாள்.

"அண்ணி, அந்தப் பெட்டியைப் போட்டுத் தர்றீங்களா? கல்யாணப் படத்துல இருந்து எல்லாமே அதுலதான் இருக்கு. என் போன்ல இந்த ஒரு வருஷத்துப் படம்தான் இருக்கு."

அக்கா போர்வையை எடுத்துவிட்டுப் பிளக்கைச் செருகினாள். காற்றாடி சுற்றியது. உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம். வருடக்கணக்காக நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்த டிஸ்க், மூன்று வாரத்துக்கு மேல் ஆறிக்கிடந்தபின் மறுபடி எழ மாட்டேன் என்றது. அணைத்துவிட்டு மூடியைக் கழற்றினாள்.

உள்ளே இரண்டு டிஸ்க்குகள். ஒன்று ஆரம்பத்தில் வாங்கிய அதே பழையது. தம்பியின் படங்களும், சர்வரை ஓட்டுகிற சகலமும் அதில்தான். இன்னொன்று போன வருடம் வாங்கியது, பளபளவென்று இருந்தது. அதன் மேல் வெள்ளை டேப் ஒட்டி, லிஃப்ட் கதவுகளில் எழுதுகிற தடித்த பேனாவால் எழுதியிருந்தான்: 'அக்காவோடது. கைவைக்காதே.'

புதியதை வாங்கியவன் அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தன்னுடையதைப் பழையதிலேயே வைத்திருந்திருக்கிறான். அவளால் பூட்டப்பட்ட, ஒரு படத்தைக்கூட அவனால் பார்க்க முடியாத கோப்புகளுக்காக.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தம்பி மனைவி வாசலில் நின்றாள்.

"கெட்டுப் போச்சா அண்ணி?"

"இது போச்சும்மா. ஆனா ஒரு பிரதி என் வீட்ல இருக்கு."

தம்பி மனைவி அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நான்தான் பிடுங்கினேன். இந்தப் பெட்டிச் சத்தம் அவருக்குத் தாங்கல. யாருக்கும் சொல்லாதேன்னவரு, சரி ஆஃப் பண்ணு, ஆனா அக்காவுக்கு மட்டும் விஷயத்தை ஒரு வார்த்தை சொல்லிடு, இல்லன்னா அவ பதறிடுவான்னு சொன்னாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் சொல்லல. அக்கறை இருந்தா அவங்களே கூப்பிடட்டும்னு இருந்துட்டேன். தினமும் கேட்டாரு, சொன்னியான்னு. சொல்லிட்டேன்னு பொய் சொன்னேன். அப்ப ஏன் அக்கா வரலைன்னு கேட்டாரு. அதுக்கு நான் என்ன சொல்றது அண்ணி?"

அக்கா நாளை எண்ணினாள். பத்தொன்பது நாள். முதல் நாளே வந்திருந்தால் உட்கார்ந்து பேசியிருப்பான், திட்டியிருப்பான், சிரித்திருப்பான். வாயைத் திறந்தாள். அம்மா கிடந்த அன்று வாயைத் திறந்தது நினைவுக்கு வந்தது.

"எங்கிட்டயும் போன் இருந்துச்சும்மா" என்றாள்.

பழைய டிஸ்க்கைத் தன் ஊருக்குக் கொண்டுபோய், செத்த டிஸ்க்கிலிருந்து கோப்பு மீட்கும் ஒருவரிடம் கொடுத்தாள். ஒரு மாதம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உள்ள தட்டே கீறிப் போச்சும்மா. யாராலயும் முடியாது" என்றார். மிஞ்சியது அடுப்பில் இருந்த பிரதி ஒன்றுதான். அதன் பாஸ்வேர்ட் தம்பிக்குத் தெரியும், கீறிப்போன தட்டுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அப்புறம் தினமும் சாயங்காலம் தம்பி மனைவி கூப்பிட ஆரம்பித்தாள். "இதைப் போட்டுப் பாருங்க அண்ணி" என்பாள். பிள்ளையைக் கொஞ்சும் பெயர், முதலில் குடியிருந்த வீட்டு எண், அவன் வேலை பார்த்த கட்டடங்களின் பெயர்கள். அக்கா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாள். போட்டது எதையும் மறுபடி போடாமல் இருக்கத் தம்பி மனைவி நோட்டில் எழுதி வைத்தாள். இடையிடையே அவன் பேச்சு வரும். கல்யாணத்தன்று லிஃப்ட் நின்றுபோக, பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையே மேலே ஏறிச் சரிசெய்த கதையைச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். அந்தப் படமும் உள்ளேதான் இருந்தது.

நாலு மாதம் போன பிறகு அக்காவால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"ஒண்ணு சொல்லணும். முதல்ல எல்லாம் திறந்துதான் இருந்துச்சு. இப்படிப் பூட்டு கீட்டு ஒண்ணும் கிடையாது. அம்மா போனப்புறம் கோபத்துல நான்தான் முதல்ல பூட்டினேன். அதைப் பார்த்துத்தான் அவனும் பூட்டினான். நான் சும்மா இருந்திருந்தா இன்னைக்கு உன் படம் எல்லாம் உன் கையில இருந்திருக்கும்."

அந்தப் பக்கம் குழந்தை எதையோ கேட்டு நச்சரிப்பது மட்டும் கேட்டது.

"நாளைக்குப் பேசறேன் அண்ணி."

மறுநாள் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் கடையிலிருந்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், அக்கா தானே போனை எடுத்தாள். நெடுநேரம் அடித்தது.

"கோபம்தான் அண்ணி" என்றாள் தம்பி மனைவி, எடுத்ததும். "இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"இருக்கட்டும்மா. வச்சிட்டுப் போயிடாதே, அது போதும்."

அந்தப் பக்கம் நோட்டுப் புரளும் சத்தம் கேட்டது.

"பாப்பாவைக் குளிப்பாட்டும்போது அவரு ஏதோ உளறிக்கிட்டே தண்ணி ஊத்துவாரு" என்றாள் தம்பி மனைவி. "தடபுடா குடபுடா அண்டாத் தண்ணி. அப்படி ஏதோ. அதைப் போட்டுப் பாருங்களேன்."

அக்கா அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். இடம் விட்டுப் போட்டாள், சேர்த்துப் போட்டாள், ஆங்கில எழுத்தில் போட்டாள். திறக்கவில்லை.

"இல்லம்மா" என்றாள். "எழுதிக்கோ. அடுத்தது சொல்லு."