இடி கேட்காத சாயங்காலம்

அக்கா நீச்சல் சொல்லிக்கொடுக்கும் குளத்தில், காலையில் மேனேஜர் வானிலைத் தாளை வாசலில் ஒட்டுவார். ஒட்டுவதோடு சரி, படிப்பதில்லை. தாள் ஆங்கிலத்தில் இருப்பதால் அக்கா அதைப் படமெடுத்து எனக்கு அனுப்புவாள். வீட்டில் மாலை வகுப்புக்குப் போய் ஆங்கிலம் படிப்பவன் நான்தான்.

இன்று மாலைக்கு ‘தண்டரி’ என்று போட்டிருந்தது. நேற்று வகுப்பில் ‘தண்டரஸ்’ படித்திருந்தேன்: இடிபோல் முழங்கும் கைதட்டலுக்குச் சொல்வது. இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

“சத்தம் பலமா இருக்குமாம்க்கா.”

“பிள்ளைங்க போடற சத்தத்த விடவா?” போனில் சிரித்தாள். மாலையில் அவளிடம் நீச்சல் கற்கும் பிள்ளைகளுக்குத் தேர்வு. அது நன்றாக நடந்தால் அவள் வேலை நிரந்தரமாகும்.

வகுப்பில் உட்கார்ந்த பிறகு சந்தேகம் அரித்தது. அகராதியைப் புரட்டினேன். தண்டரஸ், காதில் விழும் பெருஞ்சத்தம். தண்டரி, இடி வரக்கூடிய வானம். சத்தமே போடாத வானத்துக்கும் இப்படி ஒரு சொல்லா என்று வியந்துகொண்டிருந்தபோதே குளத்தின் விதி நினைவுக்கு வந்தது. இடி வரும் என்றால் யாரும் தண்ணீரில் இருக்கக் கூடாது.

அக்கா போனை எடுக்கவில்லை. அடுத்த தெருதானே என்று ஓடினேன்.

பிள்ளைகள் பாதிக் குளம் தாண்டியிருந்தார்கள். காற்று அசையவில்லை. வானம் ஈயப் பாத்திரம்போல் மங்கிக் கிடந்தது.

“அக்கா, எல்லாரையும் வெளிய வரச் சொல்லு! காலையில நான் தப்பா சொல்லிட்டேன். இடி வரலாம்னு போட்டிருக்கு.”

“எங்கடா இடி?”

“இன்னும் இல்ல. அந்த வார்த்தைக்கு இடி கேக்கணும்னு அவசியமில்ல.”

“இப்பவாவது சரியா சொல்றியா?”

எனக்கே உறுதியில்லை. “சொல்றேன்,” என்றேன்.

அவள் விசிலை ஊதினாள்.

பிள்ளைகள் துண்டைப் போர்த்திக்கொண்டு முணுமுணுத்தார்கள். குளத்தின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த மேனேஜர் கத்தினார்: “என்னம்மா இது, கேக்காத இடிக்குப் பயந்து பரீட்சைய நிறுத்துவாங்களா?”

“வராமலும் போகலாம் சார். வந்தா, தண்ணியில பிள்ளைங்க இருக்கக் கூடாது.”

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு யாரும் கவனிக்கவில்லை என்ற நினைப்பில் இரண்டு கால்களையும் தண்ணீரிலிருந்து மெல்ல வெளியே எடுத்தார்.

“நாளைக்கு வெச்சுக்கலாம்,” என்றார்.