காயாத வில்லைகள்

அழகர்சாமி அன்று மட்டும் அவசரப்படாமல் இருந்திருந்தால் அவன் மனைவி பாப்பம்மாளுக்கு இரண்டு காலும் இருந்திருக்கும். இதை அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவனுக்கே தெரியும், அதுதான் கொடுமை.

டெல்லி லோதி ரோட்டுப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவன் அட்டெண்டர். மூலிகை இலைகளுக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி உண்டா என்று பார்ப்பது அங்கே வேலை. இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, ஸ்பிரிட்டில் ஊற வைத்து வடிகட்டுவான். அந்தச் சாற்றில் பொட்டளவு காகித வில்லைகளைத் தோய்த்து, ஸ்பிரிட் வாடை அறவே போகும்வரை காய வைத்து, கிருமி தடவிய கண்ணாடித் தட்டில் வைப்பான். ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் ஸ்பிரிட்டில் தோய்த்துக் காய்ந்த வில்லை ஒன்றும் பக்கத்தில் இருக்கும். இலைக்குச் சக்தி இருந்தால் மறுநாள் அதன் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் தெரியும்.

எழுபத்தெட்டு டிசம்பர். பாப்பம்மாளுக்குச் சர்க்கரை வியாதி. பாதத்தில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் கிடந்தது. தினமும் சாயங்காலம் வந்து ஊசி போட்டுக் கட்டு மாற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள் ஆஸ்பத்திரியில். அவளுக்கு இந்தி ஒரு சொல் வராது. இரண்டு பஸ் மாறி இவன்தான் கூட்டிப் போக வேண்டும்.

அன்று வெட்டுக்காயப்பூண்டின் முறை. டெல்லிக் குளிரில் வில்லைகள் காய்வேனா என்றன. நாலு மணிக்குக் கிளம்பினால்தான் ஆஸ்பத்திரியில் சீட்டு கிடைக்கும். தொட்டுப் பார்த்தான், சில்லென்றிருந்தது. போதும் என்று தட்டில் வைத்துவிட்டு ஓடினான். வெறும் ஸ்பிரிட் வில்லைகளை வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகச் செய்து புட்டியில் போட்டு வைப்பது அவன் வழக்கம். அவை சருகாய்க் காய்ந்திருந்தன. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் பார்த்தால், இலை வில்லையைச் சுற்றி எட்டணாக் காசு அகலத்துக்கு வட்டம். ஸ்பிரிட் வில்லையைச் சுற்றி ஒன்றுமில்லை. ஆராய்ச்சி செய்த ஜெயலட்சுமி கும்பகோணத்துக்காரி. மறுநாளே லீவில் ஊருக்குக் கிளம்புகிறவள்.

“பரவாயில்லையே அழகர்சாமி, கிருமிக்குக் கேக்கறதே இது. நான் வந்தப்புறம் இன்னும் ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் எழுதணும்,” என்றாள்.

அவன் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

வழியில் பார்க்கில் அதே பூண்டைப் பறித்துப் போய், கசக்கி, புண்ணில் வைத்துக் கட்டினான். “இனிமே ஆஸ்பத்திரிக்கு அலைய வேணாம் புள்ள. நானே கண்ணால பாத்தேன், ஒரு கிருமி கிட்ட வரல.”

“நீங்க பாத்தா சரிதேன்,” என்றாள் பாப்பம்மாள். அவளுக்கு அவனைவிடப் பெரிய விஞ்ஞானி உலகத்தில் கிடையாது.

பதினெட்டு நாள் கட்டினான். கால் கறுத்தது. காய்ச்சலில் அவள் நினைவு தப்பிய அன்றுதான் ஆட்டோ பிடித்தான், பாவி. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்த வாரமே ஜெயலட்சுமி திரும்பி வந்து, தன் கையாலேயே வில்லைகள் செய்து மூன்று தட்டுகளில் வைத்தாள். ஒன்றிலும் வட்டம் இல்லை.

“அன்னிக்கு இலை வில்லை நன்னா காஞ்சுதா?”

“இல்லம்மா.”

“அதான். ஈரத்துல நின்ன ஸ்பிரிட்டுதான் கொன்னுருக்கு, இலை இல்ல.” நோட்டில் அந்தப் பக்கத்தைக் கோடு போட்டு அடித்தாள். அவன் வீட்டு விஷயம் அவளுக்குத் தெரியாது, கோபிக்கக்கூட இல்லை. அழகர்சாமி தட்டுகளைக் கழுவப் போய், குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதான்.

சாயங்காலம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் வார்டுக்குப் போனான். பாப்பம்மாள் முந்திக்கொண்டாள்.

“என்னங்க, ஒங்ககிட்ட ஒண்ண மறைச்சுட்டேன். எரிச்சல் பொறுக்காம ரெண்டு நா பச்சிலைய அவுத்துப் போட்டுட்டேன். நீங்க வர்றதுக்குள்ள திரும்பக் கட்டிக்கிட்டேன். அதான் காலு போயிருச்சு. அம்புட்டுப் பாடுபட்டு மருந்தக் கண்டுபிடிச்சீங்க, நாந்தேன் கெடுத்துக்கிட்டேன். என்னைய வையாதீங்க.”

அவன் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி விசும்பினாள். உண்மையைச் சொல்ல அழகர்சாமி வாயைத் திறந்தான். இந்த ஊரில் அவளுக்கு நம்ப வேறு யார் இருக்கிறார்கள் என்று நினைத்தானோ, பயந்தானோ, அது அவனுக்கே தெரியாது.

“வைய மாட்டேன் புள்ள, விடு,” என்று அவளை மன்னித்தான்.