மஹீராவுக்குச் சஹனில் ஓர் இடம்

கோவளத்துக் கல்யாண மண்டபத்தில் பிரியாணி வாசனை வாசல்வரை வந்து வரவேற்றது. ருக்ஸார் மட்டும் வாசலிலேயே தயங்கினாள். ஆறு வயது மகள் மஹீராவுக்கு வீட்டிலேயே ஊட்டிவிட்டுத்தான் படூரிலிருந்து கிளம்பியிருந்தாள். எந்த விருந்துக்குப் போனாலும் அப்படித்தான். "அவ சாப்டாச்சு" என்று சொல்லிவிட்டால், யாரும் எதையும் பார்க்கப் போவதில்லை.

பார்த்துவிடக் கூடாத சங்கதி மஹீராவின் வலது கை. ஏழாம் மாதமே பிறந்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த குழந்தை அவள். மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, அது என்ன செய்யும் என்பது வளர வளரத்தான் தெரியும் என்றார் டாக்டர். தெரியத்தான் செய்தது. தவழ்கிற வயதில் வலது கை மூடியே இருந்தது. தாமதமாக நடந்தபோது வலது குதிகால் தரையில் பதியவில்லை. புத்திக்கு ஒரு குறையும் இல்லை. வாயைத் திறந்தால் ஊரையே விற்றுவிடுவாள்.

சாப்பாடுதான் சிக்கல். வலது கையால் அள்ளினால் பாதி மடியில் சிந்தும். இடது கையால் சாப்பிட்டால் கேள்வி கேட்க ஆயிரம் வாய் இருக்கிறது. எதற்கு வம்பென்று ருக்ஸாரே ஊட்டினாள். மஹீராவின் கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கும் கீர்த்தனா தலைபாடாக அடித்துக்கொண்டாள். "எந்தக் கையோ, அவளே சாப்பிடட்டும்க்கா. வலது கை தட்டைப் புடிச்சுக்கட்டும்." ருக்ஸார் நன்றாகத் தலையாட்டுவாள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி ஊட்டுவாள். பாசம்தான், ஆனால் அதில் பாதி பயம்.

அன்று பெண்கள் பக்கம் பாய் விரித்து சஹன் வைத்தார்கள். ஒரே பெரிய தாம்பாளம், சுற்றி நாலு பேர், அவரவர் பக்கத்திலிருந்து அள்ளிச் சாப்பிட வேண்டியதுதான். ருக்ஸாருடைய கணவனின் அக்கா ஷரீபுன்னிசா ஒரு சஹனிலிருந்து குரல் கொடுத்தாள்.

"இங்க ஒரு ஆள் கொறையுது. மஹீராவ அனுப்பு."

"இல்ல மதினி, அவ வூட்லயே..."

சொல்லி முடிப்பதற்குள் மஹீரா குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு, குதிகாலை இழுத்தபடி வந்து சஹனில் உட்கார்ந்துவிட்டாள்.

ருக்ஸார் ஓடிப்போய் மகளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஊட்டுவதற்கு அவள் கை சோற்றை நோக்கி நீண்டது. மஹீரா அதைத் தள்ளிவிட்டாள். இடது கையால் தன் வலது கையைத் தூக்கித் தாம்பாளத்தின் விளிம்பில் வைத்தாள். விரல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவை விளிம்பைப் பற்றிய பிறகு இடது கையைச் சோற்றில் விட்டாள்.

எதிரே இருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண் புருவத்தை உயர்த்தினாள். "இன்னாம்மா, பீச்சாங்கையால துன்ற?"

ருக்ஸாருக்கு உயிரே போனது.

"அந்தக் கை தட்ட புடிச்சிகினு கீது ஆன்ட்டி" என்றாள் மஹீரா. "அதுக்கு அவ்ளோதான் வரும். இத சோப்பு போட்டுக் கழுவிட்டேன்."

அந்தப் பெண் சுருண்ட விரல்களைப் பார்த்தாள். தன் பக்கமிருந்த நல்ல கறித்துண்டாகப் பார்த்து, பிய்த்து, மஹீராவின் பக்கம் தள்ளிவைத்தாள். சஹனில் உட்கார்ந்த மனுஷிக்குச் செய்யும் மரியாதை அது. ஷரீபுன்னிசாவும் தன் பங்குக்கு ஒரு துண்டைத் தள்ளினாள்.

மடியில் சோறு சிந்திக்கொண்டுதான் இருந்தது. துடைக்கப் போன அம்மாவை மஹீரா திரும்பிப் பார்த்தாள்.

"நீ போய் சாப்புடுமா. நான் பாத்துக்கறேன்."

ருக்ஸார் எழுந்து பக்கத்து சஹனில் போய் உட்கார்ந்தாள். கை பழக்கத்தில் சோற்றைப் பிசைந்து உருட்டியது. பார்த்தால், அது மஹீராவின் வாய்க்குத் தகுந்த சின்னக் கவளம். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.