வெள்ளை ப்ளக்

அக்கா வீட்டுக்காரர் பைக்குக்குப் புது ஃபில்டர், புது சைலன்சர் போட்டார், கார்பரேட்டரைத் தொடவில்லை. காற்று கூடினால் பெட்ரோலும் கூடணும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பைக் ஓடிவந்த சூட்டோடு என் பட்டறையில் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றிக் காட்டினேன். முனை வெள்ளை வெளேரென்றிருந்தது.

“பாரு, எவ்வளவு சுத்தம்!”

“சுத்தமில்ல மச்சான், உள்ள வேகுது. விரட்டினா பிஸ்டன் உருகி, போற வேகத்துலயே சக்கரம் பூட்டிக்கும்.”

“நீ ஒருத்தன்தான் மெக்கானிக்கா? சீக்கிரம் மாட்டு, மழை வருது.”

இன்ஜின் பக்கம் குனிந்து எழுந்தேன். கூட வந்திருந்த அக்கா ஹெல்மெட்டோடு பின்னால் ஏறினாள். மச்சான் பட்டனை அமுக்கினார், மறுபடி அமுக்கினார். இன்ஜின் பிடிக்கவில்லை.

“என்னடா பண்ணித் தொலைச்சே?”

அக்கா மூடியிருந்த என் கையைப் பார்த்தாள். இறங்கிவிட்டாள்.

அப்புறம்தான் விரல்களைப் பிரித்தேன். உள்ளங்கையில் ப்ளக் ஒட்டிக்கொண்டிருந்தது.