வன்னி மரம் இல்லாத மேடு

கல்ஃபான் தூக்கத்தில் வண்டி ஓட்டுவான். மதியச் சாப்பாடு முடிந்து கண்ணயர்ந்த சிறிது நேரத்தில் அவனுடைய வலது கால் போர்வைக்குள் மெல்ல அழுந்தும், பிறகு தளரும், மறுபடி அழுந்தும். விரல்கள் எதையோ பிடித்துத் திருப்பும். சில நாள் உடம்பு முழுவதும் ஒரு பக்கமாகச் சாயும், பெரிய மணல்மேட்டின் விலாவில் போகிறவனைப்போல. அவன் மனைவி அஃப்ரா பக்கத்தில் படுத்துக்கொண்டு அதைப் பார்ப்பாள். விழித்திருக்கும்போது அந்த முகத்தில் இல்லாத ஒரு நிம்மதி அப்போது இருக்கும்.

அவன் கண் போய் மூன்று வருடம் ஆகிறது. சர்க்கரை வியாதி தின்றுவிட்டது. அதற்கு முன் ஷார்ஜாவில் மணலில் ஓட்டுகிறவர்களிடையே அவன் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. இப்போது மணலில் ஓட்டுவதற்கென்றே அவன் வைத்திருந்த பழைய பட்ரோல் ஜீப் முற்றத்தில் தகரக் கூரைக்குக் கீழே நின்றது. அஃப்ரா வாரம் ஒரு தடவை இன்ஜினைப் போட்டு, சூடாக்கி, அணைத்துவிட்டுப் போவாள்.

அவள் பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. நினைத்ததை ஒருநாள் மாலை காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"சனிக்கிழமை நான் மணல்ல வண்டி ஓட்டக் கத்துக்கப் போறேன். புதுசா வர்றவங்களைக் கூட்டமா கூட்டிட்டுப் போறாங்களாம்."

வாய்க்குக் கொண்டுபோன பேரீச்சம்பழம் கல்ஃபான் கையிலேயே நின்றது. "எந்த வண்டியில?"

"உன் வண்டியிலதான்."

"நீயா? ரோட்டுல வேகத்தடை வந்தாலே பிஸ்மில்லா சொல்லிட்டு ஏறுறவ நீ."

"சொல்லிட்டு ஏறினா தப்பா?"

"அது தப்பில்ல. இறங்கினதும் அல்ஹம்துலில்லாஹ்வும் சொல்ற பாரு, அதுதான்."

இருவரும் சின்ன வயதிலிருந்தே ஒருவரை ஒருவர் இப்படித்தான் சீண்டுவார்கள். கல்ஃபான் அவளுக்கு அத்தை மகன்.

"நீயும் வாயேன்" என்றாள்.

"வந்து? கண்ணாடி துடைக்கவா?" பழத்தைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

சனிக்கிழமை விடியற்காலையில் அவள் தண்ணீர்க் குப்பிகளோடு முற்றத்துக்கு வந்தாள். வண்டியின் முன் இருக்கையில், ஓட்டுநருக்குப் பக்கத்தில், கல்ஃபான் கருப்புக் கண்ணாடி மாட்டி, பெல்ட் போட்டு, மடியில் கைகளை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"வாயைத் திறக்க மாட்டேன்" என்றான். "கல்லு மாதிரி இருப்பேன். கிளம்பு."

மதாம் சாலையில் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் தார் முடிந்து மணல் தொடங்குகிறது. ஏழு வண்டிகள் வந்திருந்தன. எல்லாருமே சக்கரங்களுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மணலில் புதையாமலிருக்கக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே சீறல் சத்தம், பாம்புப் பண்ணைக்குள் நுழைந்ததுபோல. மேடுகளுக்கு நடுவே பள்ளங்களில் மூடுபனி மெல்லியதாகத் தேங்கியிருந்தது. அந்த மாதங்களில் காலையில் அது இருப்பதுதான். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

கூட்டத்தை நடத்துகிறவன் ஹுமைத் என்ற இளைஞன். கல்ஃபானைக் கண்டதும் ஓடிவந்து தோளைப் பிடித்தான்.

"கல்ஃபான் அண்ணே! நீங்க இருக்கும்போது நான் எப்படிண்ணே மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறது?"

"நான் இல்லன்னு நெனச்சுக்கோ தம்பி. இன்னைக்கு நான் வெறும் சாமான்."

ஹுமைத் சொன்ன பாடம் சுருக்கமானது. முன்னால் போகிற வண்டியின் தடத்திலேயே வாருங்கள். ஏற்றத்தில் பாதியில் நிறுத்தாதீர்கள். நிறுத்த வேண்டுமென்றால் இறக்கத்தைப் பார்த்து நிறுத்துங்கள். பயம் வந்தால் வாக்கிடாக்கியில் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். அஃப்ராவுக்குப் பின்னால் லோர்னா என்ற பிலிப்பினோ செவிலி ஒரு சின்ன மஞ்சள் ஜீப்பில் வந்தாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேராக வந்தவள், சீருடைகூட மாற்றவில்லை. எல்லாருக்கும் கடைசியில், மாட்டிக்கொண்டவர்களை இழுத்துவிடுவதற்காக, ஹானி என்ற எகிப்துக்காரர்.

முதல் மேட்டில் ஏறும்போது அஃப்ரா பிஸ்மில்லா சொன்னாள். கல்ஃபானின் உதடு துடித்தது.

சிவந்த மணல் இரவின் ஈரத்தில் இன்னும் கருத்திருந்தது. ஸ்டியரிங் கையில் கனமில்லாமல் மிதந்தது. வண்டி சாலையில் ஓடுவதுபோல ஓடவில்லை, நீந்தியது. ஒரு மேட்டின் முதுகில் ஏறி, உச்சியில் ஒரு கணம் வானம் மட்டுமே தெரிந்து, பிறகு மூக்கைத் தாழ்த்தி மறுபக்கம் வழுக்கி இறங்கும்போது அவள் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். ஓரக்கண்ணால் பார்த்தாள். கல்ஃபானின் வலது கால் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. இவள் முடுக்குவதற்கு ஒரு நொடி முன்னால் அழுத்தியது. இவள் தளர்த்துவதற்கு முன்னால் தளர்ந்தது. இவன் மத்தியானங்களில் வந்துபோகிற இடம் இதுதானா என்று நினைத்துக்கொண்டாள்.

மூடுபனி கடல் பக்கமிருந்து உருண்டு வந்தது. முன்னால் போன வண்டியின் ஆரஞ்சுக் கொடி வெளிறி, சாம்பலாகி, காணாமல் போனது.

"எல்லாரும் அப்படியே நில்லுங்க" என்றது வாக்கிடாக்கியில் ஹுமைத்தின் குரல். "விளக்கைப் போடுங்க. யாரும் நகர வேண்டாம்."

அப்போது அஃப்ரா ஏற்றத்தின் பாதியில் இருந்தாள். ஏற்றத்தில் நிறுத்தாதே என்பதுதான் அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது. அழுத்தினாள். வண்டி உச்சியைத் தாண்டியது, சற்றே திரும்பியது, பஞ்சு மெத்தையில் உருளும் பிள்ளையைப்போல மெதுவாகச் சறுக்கி ஒரு குழியின் அடியில் போய் நின்றது. சுற்றிலும் வெள்ளை. வண்டியின் முன்மூடிகூடத் தெரியவில்லை.

அவள் மூச்சு விடுவதற்குள் மேலே இன்னொரு இன்ஜின் சத்தம். இரண்டு மஞ்சள் விளக்குகள் வெள்ளைக்குள்ளிருந்து வழுக்கி வந்து பக்கத்தில் நின்றன. லோர்னா.

"நீ ஏம்மா வந்த?" என்று அஃப்ரா கத்தினாள்.

"முன்னாடி போற வண்டி தடத்துலயே வரச் சொன்னாங்களே மேடம்!"

கல்ஃபானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கல்லாக இருப்பது அதோடு முடிந்தது.

ஹானி பின்னாலேயே, மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார். இருவரும் பத்திரம் என்று கேட்டதும் ஹுமைத், "நல்லது அக்கா, பனி விலகட்டும், அசையாதீங்க" என்றான். மூவரும் இறங்கினார்கள். லோர்னா பிளாஸ்கிலிருந்து இஞ்சித் தேநீர் ஊற்றினாள். ஓசையே இல்லை. பேசினால் குரல் வாயை விட்டுக் கிளம்பிச் சற்றுத் தூரம் போய்ப் படுத்துக்கொள்வதுபோல இருந்தது. அஃப்ரா தலையில் சுற்றியிருந்த ஷைலாவின் நுனியில் நீர்த்துளிகள் கோத்து நின்றன.

"உனக்கு ஏதாவது தெரியுதா?" என்றான் கல்ஃபான்.

"என் கைகூடத் தெரியல."

"அப்பாடா. இன்னைக்குத்தான் நாம சரிசமம்."

அவன் செருப்பைக் கழற்றி மணலில் கால் ஊன்றினான். வண்டியைத் தொட்டபடியே சுற்றி வந்தான். குனிந்து ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் விட்டான். பிறகு நிமிர்ந்தபோது அவன் தோள்கள் பழைய தோள்களாக இருந்தன.

"இந்தக் குழி எனக்குத் தெரியும். இடது பக்கம் மேல ஒரு வன்னி மரம் இருக்கும். அதை விட்டு வலது பக்கமா ஏறினா ஹுமைத் நிக்கிற இடத்துக்கே போயிடலாம். யல்லா, ஏறு. நான் சொல்றேன்."

"அசையாதேன்னு சொன்னானே."

"அவனுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக் குடுத்ததே நான்தான். ஏறுடி."

"மரத்தைப் பாத்துட்டு வந்துடறேன், இரு" என்று அஃப்ரா நடந்து ஏறினாள்.

மணல் ஒவ்வொரு அடியையும் பாதி திருப்பிக் கொடுத்தது. கையை ஊன்றி ஏறினாள். வெள்ளை மெல்ல மஞ்சளானது. சட்டென்று தலை வெளியே வந்தது. மேலே சூரியன். கீழே எல்லாப் பக்கமும் பால்போல ஒரு கடல். அதிலிருந்து சிவந்த முகடுகள் தீவுகளாக எழுந்து நின்றன. தூரத்தில் ஒரு முகட்டின் சரிவில் ஒட்டகம் ஒன்று கழுத்து வரை பனியில் நின்று அவளைப் பார்த்தது. கொஞ்ச நேரம் எதற்கு வந்தோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று.

மரம் இல்லை. இடது பக்கம் இல்லை, எந்தப் பக்கமும் இல்லை. வலது பக்கம் முகடு கத்தியால் வெட்டியதுபோல முறிந்து செங்குத்தாகக் கீழே போனது. அவன் சொன்ன வழியில் ஏறியிருந்தால் வண்டி தலைகுப்புறப் போயிருக்கும்.

மரம் இருக்கிறது, ஆனாலும் பனி போகட்டும் என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்வது அவளுக்குப் பழக்கம்தான். மூன்று வருடமாகக் கல்ஃபான் எதையும் கேட்பதில்லை, அவன்தான் சொல்வான். காரில் போகும்போது, "இப்ப பச்சைக் கதவு வீடு வந்திருக்குமே" என்பான், அவள் ஆமாம் என்பாள். "ரொட்டிக் கடையில கூட்டமா இருக்குமே" என்பான், கூட்டம்தான் என்பாள். தலையாட்டித் தலையாட்டியே அவனுக்காக ஒரு ஊரை அப்படியே வைத்திருந்தாள். ஆனால் இன்று மரம் இருக்கிறது என்றால் அவன் காத்திருக்க மாட்டான். ஏறு என்பான். அதன் பிறகு மாட்டேன் என்று சொல்ல அவளால் முடியாது.

அவள் இறங்கி வந்தாள்.

"மரம் இல்ல, கல்ஃபான்."

"சரியாப் பாத்தியா?"

"மேல வெயில் அடிக்குது. எல்லாம் தெரியுது. நீ சொல்ற வலது பக்கம் செங்குத்தா இறங்குது. இது அந்தக் குழி இல்ல."

லோர்னா பிளாஸ்க் மூடியைத் திருகினாள், மறுபடி கழற்றினாள். கல்ஃபான் வண்டியின் படியில் உட்கார்ந்தான். கண்ணாடியைக் கழற்றி கந்தூரா அங்கியில் துடைத்து, மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"வேற எதெல்லாம் இல்ல?" என்றான்.

அஃப்ராவுக்குப் புரிந்தது. புரியாததுபோல நடித்தும் இருக்கலாம். அவள் அவனுக்கு எதிரே மணலில் உட்கார்ந்தாள்.

"ரொட்டிக் கடை மூடிட்டாங்க. இப்ப அங்க போன் ரிப்பேர் பண்றாங்க."

"பச்சைக் கதவு?"

"சாம்பல் அடிச்சுட்டாங்க. அந்த வீட்டுக்காரங்களே மாறியாச்சு."

"பள்ளிவாசல் முன்னாடி இலந்தை மரம்?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷ மழையில சாஞ்சுடுச்சு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கையை நீட்டினாள், தொடாமல் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

"அப்ப நான் இத்தனை நாளா எந்த ஊர்ல இருந்தேன்?" என்றான்.

"நான் சொன்ன ஊர்ல."

"என் தாடி?"

"பாதி வெள்ளை."

"பாதியா?"

"முக்காவாசி."

"நீ?"

"நான் அப்படியேதான் இருக்கேன்."

"பொய்."

"ஆமா, பொய்தான்."

அவனுக்கு முதலில் இருமல்போல வந்தது, பிறகு அது சிரிப்பாயிற்று. முழுச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. இடையில் மூக்கை உறிஞ்சினான். எழுந்து கையை நீட்டினான். "என்னை மேல கூட்டிட்டுப் போ."

இருவரும் ஏறினார்கள். உச்சியில் வெயில் முகத்தில் பட்டதும் அவன் நின்றான். "சொல்லு" என்றான்.

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. படி, கதவு, மாத்திரை என்று மட்டுமே அவனுக்குச் சொல்லிப் பழகியிருந்தாள். "வெள்ளையா இருக்கு" என்றாள்.

"என்ன வெள்ளை? பால் வெள்ளையா, சுண்ணாம்பு வெள்ளையா?"

"கொதிக்கப் போற பால். ஓரமெல்லாம் அசையுது. நடுவுல மணல் தீவு தீவா நிக்குது. அங்க ஒரு ஒட்டகம் கழுத்து மட்டும் தெரியுது. உடம்பைக் காணோம்."

"தனியாவா?"

"தனியா. இல்ல, இரு... அதுக்குப் பக்கத்துல சின்னதா இன்னொரு தலை இப்பத்தான் மேல வருது. குட்டி போல."

"எந்தப் பக்கம் பாக்குது?"

"நம்ம பக்கம்."

கல்ஃபான் அந்தப் பக்கம் கையை உயர்த்தி ஆட்டினான். அவள் சொல்லிக்கொண்டே போனாள். பனி கரைந்து ஒரு முகடு இன்னொரு முகட்டோடு சேர்வதை, மேட்டுக்கு அந்தப் பக்கம் ஹானி வண்டிக்கூரைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்து எதையோ தின்பதை, கீழே லோர்னா இருக்கையிலேயே உறங்கிப்போயிருப்பதை. நடுவே நடுவே அவன் கேள்வி கேட்டான். தெரியாததைத் தெரியாது என்றாள்.

வெளிச்சம் முழுதாக வந்ததும் ஹுமைத் எதிர் முகட்டில் நடந்து வந்து வழி காட்டினான். குழியின் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து வேகம் பிடித்து, இடது பக்கத் தாழ்வில் வெளியேற வேண்டும். முதல் முறை அஃப்ராவுக்குத் தைரியம் போதவில்லை; வண்டி பாதியில் சோர்ந்து பின்னால் இறங்கியது. கல்ஃபான் வாய் திறந்தான். அவள் காத்திருந்தாள். அவன் கேட்டது, "இப்ப என்ன தெரியுது?" என்பது மட்டுமே.

"சுவர் மாதிரி மணல். அதுக்கு மேல நீலம்."

இரண்டாவது முறை அவள் காலைத் தளர்த்தவில்லை. வண்டி குழியின் விலாவில் சாய்ந்து ஓடியது. பக்கத்தில் அவனும் சாய்ந்தான். நீலம் அகலமாகி, சட்டென்று முழுவதும் நீலமாகி, அவர்கள் வெளியே வந்தார்கள். "அல்ஹம்துலில்லாஹ்" என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள். லோர்னாவை எழுப்பி, ஹானி கயிறு கட்டி இழுத்தார். அவள் கைதட்டிக்கொண்டே மேலே வந்து சேர்ந்தாள்.

மத்தியானம் சக்கரங்களுக்குக் காற்றடித்து, தார்ச்சாலை ஏறியபோது கல்ஃபான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினான்.

"வழக்கமான ரோட்டுலதான் போறியா?"

"வேற ஒண்ணு இருக்கு. புதுசா பாலம் கட்டியிருக்காங்க. சுத்து வழி."

"உயரமா?"

"ரொம்ப உயரம். நான் இன்னும் ஏறினதில்ல."

"அதுல போ" என்றான். "மெதுவாப் போ. எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே போ."